சொல்லும் சான்றும்: தனியார் மரண, காய விசாரணைகளில் நடுவுநிலைமை



மொழியியல் சார்ந்த ஓர் உரையைப் பொதுமக்களுக்கு விளங்கும் வகையில் நிகழ்த்துமாறு மன்றத்தினர் கேட்டுக்கொண்டனர். வேற்றுமை உருபுகளைப் பற்றியோ பேச்சுத்தமிழின் ஒலிகளைப் பற்றியோ பேசுவது நமக்கு எளிது. ஆயினும் பணி ஓய்வுக்குப் பின் நம் மனத்தை விட்டு அகலாத பொருள் வேறொன்று. ஒருவர் இறந்துவிடுகிறார், அல்லது படுகாயம் அடைகிறார். அது எவ்வாறு நேர்ந்தது என்று கண்டறியத் தனியார் ஒருவர் ஊதியம் பெற்று வருகிறார். அவர் கேட்கும் கேள்வி, எழுதி வாங்கும் வாக்குமூலம், அளிக்கும் அறிக்கை ஆகிய மூன்றும் மொழியால் ஆனவை. அம்மொழி நேர்மையாக இருக்க என்ன செய்யவேண்டும் என்பதே இன்றைய பொருள். இத்தகைய பணி ஒன்றில் நாமே ஒருமுறை பிழை செய்தோம். அதையும் மறைக்காமல் சொல்லவே வந்திருக்கிறோம்.

தனியாருக்கு இங்கே என்ன வேலை?

மரணத்தை விசாரிப்பது அரசின் கடமை அன்றோ என்று சிலர் கேட்கலாம். கடமைதான். சிங்கப்பூரில் அதற்கென 2010ஆம் ஆண்டின் மரண விசாரணை அதிகாரிகள் சட்டம் உள்ளது. மலேசியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் மரண விசாரணை நடைபெறுகிறது. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எவ்வாறு இறந்தார் என்னும் கேள்விகளுக்கு விடை காண்பதே சிங்கப்பூரில் மரண விசாரணை அதிகாரியின் வேலை. குற்றப் பொறுப்போ இழப்பீட்டுப் பொறுப்போ யாரைச் சாரும் என்று தீர்ப்பது அவர் வேலையன்று.

ஆகவே அக்கேள்விகள் வேறிடத்திற்குச் செல்கின்றன. அங்கேதான் தனியார் வருகின்றனர். காப்புறுதி நிறுவனம் அமர்த்தும் இழப்பு மதிப்பீட்டாளர், வழக்கறிஞர் அமர்த்தும் பொறியாளர், முதலாளி அமர்த்தும் பாதுகாப்பு ஆலோசகர், குடும்பத்தினர் அமர்த்தும் துப்பறிவாளர், பிணக்கூறாய்வு அறிக்கையை மறு ஆய்வு செய்யும் மருத்துவர் எனப் பலர் உள்ளனர். இவர்களுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் பெயர் குறிப்பிடப்படாமல், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்ந்திருப்பார். துப்பறிவாளர் உரிமம் பெற்றே தொழில் செய்யவேண்டும் என்று இரு நாடுகளிலும் சட்டம் உண்டு. உரிமம் தொழிலின் வாயிலைத் திறக்கும். உள்ளே நடப்பது அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது.

ஒரு சொல்லால் என்ன ஆகிவிடும் என்று எண்ணவேண்டா. சிங்கப்பூரில் வேலையிடத்தில் காயமடைந்த ஊழியருக்கு இரண்டு வழிகள் உள்ளன. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் அவர் கோரிக்கை விடுக்கலாம். தவறு யாருடையது என்று அங்கே நிறுவ வேண்டியதில்லை. ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அன்றேல் பொதுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கலாம். அங்கே முதலாளியின் கவனக்குறைவை நிறுவவேண்டும். ஊழியரும் கவனமின்றி நடந்தார் என்று கண்டால் தொகை அதற்கேற்பக் குறையும். 'கவனக்குறைவு' என்னும் ஒரு சொல் யார் பக்கம் எழுதப்படுகிறது என்பதில் ஒரு குடும்பத்தின் பல்லாண்டு வாழ்க்கை தங்கியிருக்கிறது.

நடுவு என்பது பாதி வழியன்று

நடுவுநிலைமை நமக்குப் பழகிய சொல். திருக்குறளின் 12ஆம் அதிகாரத்திற்கு அதுவே பெயர். நடு என்னும் அடியிலிருந்தே நடுவர் என்னும் சொல்லும் பிறந்தது. பெருமைக்குரிய இச்சொல்லில் ஒரு மயக்கமும் உண்டு. நடு என்றவுடன் இரு புறத்திற்கும் சம தொலைவில் உள்ள ஓர் இடத்தை மனம் எண்ணுகிறது. முதலாளி ஒன்று சொல்கிறார், தொழிலாளி மற்றொன்று சொல்கிறார். இரண்டுக்கும் இடையே நின்று, 'இரு தரப்பிலும் தவறு உள்ளது' என்று எழுதிவிட்டால் நடுவுநிலை ஆகிவிடும் என்று கருதுவோர் உண்டு. சாரத்தில் கைப்பிடிக் கம்பி இருந்ததா, இல்லையா என்னும் கேள்விக்குப் பாதி விடை கிடையாது. மெய்க்கும் பொய்க்கும் நடுவே நிற்பவர் மெய்யின் பக்கத்தில் நிற்கவில்லை.

வள்ளுவர் இதற்குக் காட்டிய உவமை துலாக்கோல். துலாக்கோலின் முள் எப்போதும் நடுவில் நிற்பதில்லை. தட்டுகள் வெறுமையாக இருக்கும்போது நடுவில் நிற்கும். எடையிட்டபின் எடை மிகுந்த பக்கம் சாயும். இவ்விரண்டும் சேர்ந்ததே அதன் நேர்மை. வெறுந்தட்டிலேயே சாய்ந்திருந்தால் அது கள்ளத் தராசு. எடையிட்ட பின்னும் சாயாவிட்டால் அது பழுதான தராசு. சான்று கிடைக்கும்வரை சாயாதிருத்தலும், சான்று கிடைத்தபின் ஊதியம் தந்தவருக்கு எதிராகவேனும் சாய்தலும் விசாரணையாளருக்குரிய நடுவுநிலைமை.

ஊதியமும் பார்வையும்

விசாரிப்பவருக்கு விசாரணையின் முடிவில் நலன் இருந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழில் சிலப்பதிகாரத்தை விடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லனே கோவலன் கையிலிருந்த சிலம்பை ஆய்ந்து, அவன்தான் கள்வன் என்று அறிவித்தான். மன்னன் அச்சொல்லை ஆராயாமல் ஏற்றான். பின்னர் உண்மையை நிலைநாட்டியது கண்ணகியின் கண்ணீர் மட்டுமன்று. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள். கண்ணகி உடைத்துக் காட்டிய சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள். எவரும் தம் கண்ணால் கண்டு தெளியக்கூடிய சோதனை அது. கோவலன் உயிரோடு இருந்தபோது அச்சோதனையைச் செய்ய எவருக்கும் தோன்றவில்லை.

இன்றைய விசாரணையாளரிடையே பொற்கொல்லனைப் போன்றோர் அரியர். பெரும்பாலோர் நல்லவர்களே. இடர் அங்கேதான் தொடங்குகிறது. 2013இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஒரு சோதனையை வெளியிட்டனர். நீதிமன்றப் பணியில் பழகிய உளவியலாளர், மனநல மருத்துவர் 108 பேரிடம் ஒரே குற்றவாளிகளின் கோப்புகள் தரப்பட்டன. அரசுத் தரப்பு தம்மை அமர்த்தியதாகச் சிலர் நம்பினர்; எதிர்த்தரப்பு அமர்த்தியதாக மற்றவர் நம்பினர். கோப்புகளும் மதிப்பிடும் கருவிகளும் ஒன்றே. ஆயினும் அரசுத் தரப்புக்கு உழைப்பதாக நம்பியவர்கள் அதே மனிதர்களை அதிக ஆபத்தானவர்களாக மதிப்பிட முனைந்தனர். பொய் சொல்லுமாறு அவர்களை எவரும் கேட்கவில்லை. தாம் யாருக்கு உழைக்கிறோம் என்னும் எண்ணமே பார்வையைச் சாய்த்துவிட்டது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1993இல் இங்கிலாந்தில் இக்காரியன் ரீஃபர் என்னும் கப்பலின் காப்புறுதி வழக்கில், வல்லுநர் சாட்சியின் கடமைகள் வரிசைப்படுத்தப்பட்டன. மலேசியாவின் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளும் சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளும் வல்லுநரின் கடமையைத் தெளிவாகவே கூறுகின்றன: நீதிமன்றத்துக்கு அவர் ஆற்றவேண்டிய கடமை, ஊதியம் தந்தவருக்கு ஆற்றவேண்டியதை விட மேலானது. ஆனால் இவ்விதி நீதிமன்றத்தின் வாயிலுக்கு வந்தவரையே பிணிக்கும். பெரும்பாலான காயக் கோரிக்கைகள் நீதிமன்றத்துக்கு வருமுன்பே பேசி முடிக்கப்படுகின்றன. மருத்துவமனைக் கட்டிலருகே வாக்குமூலம் எழுதப்படும்போது அங்கே நீதிபதி இல்லை. ஒலிப்பதிவுக் கருவியும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்தால் அதுவே பெரிது.

வினைச்சொல்லே தீர்ப்பாகும்போது

இனி நம் துறைக்கு வருவோம். 1974இல் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பால்மர் ஆகிய இருவரும் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சியைத் திரையிட்டுக் காட்டினர். பிறகு கார்கள் என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டனர். கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் மாறியது. கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்னும் பொருளுடைய சொல்லைக் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றனர். 'தொட்டபோது' என்னும் பொருளுடைய சொல்லைக் கேட்டவர்கள் 31.8 மைல் என்றனர். மற்றொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்கப்பட்டது. காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை. 'நொறுங்க' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் கண்டதாகக் கூறினர். கேள்வியிலுள்ள சொல் சாட்சியின் நினைவுக்குள் புகுந்து தங்கிவிட்டது.

ஒரு கேள்வியில் இவ்வளவு என்றால் முடிவுரையில் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். உயரத்திலிருந்து விழுந்து ஒருவர் இறந்தால், 'விழுந்தார்' என்பது நடந்ததை மட்டும் சொல்கிறது. 'தவறி விழுந்தார்' என்பதில் விபத்து என்னும் தீர்ப்பு ஏறிவிடுகிறது. 'குதித்தார்' என்பதில் அவருடைய மனம் வந்துவிடுகிறது. 'தள்ளப்பட்டார்' என்பதில் இன்னொருவர் வந்துவிடுகிறார். 2009இல் ஷா ஆலமில் ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகம் இருந்த கட்டடத்திலிருந்து விழுந்து இறந்த தியோ பெங் ஹோக்கின் மரணத்தை மலேசியர் மறந்திருக்க மாட்டார்கள். 2011இன் தொடக்கத்தில் மரண விசாரணை நீதிமன்றம், தற்கொலை என்றோ கொலை என்றோ கூற இயலாது என்றது. அதே ஆண்டில் அரச விசாரணை ஆணையம், கடுமையான விசாரணையால் அவர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார் என்றது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெயர் அறியப்படாத ஒருவர் அல்லது பலரின் சட்டப்புறம்பான செயல் அம்மரணத்திற்குக் காரணம் என்றது. வீழ்ச்சி ஒன்று, வினைச்சொற்கள் மூன்று. நீதிமன்றங்களே ஐந்தாண்டுகள் ஆராய்ந்த இடத்தில், தனியார் விசாரணையாளர் முதல் நாள் குறிப்பேட்டிலேயே 'தவறி' என்றோ 'குதித்து' என்றோ எழுதுவது தகுமா?

தமிழில் இத்தகைய கண்ணிகள் வேறு சிலவும் உள்ளன. முதலாவது, '-ஆம்' என்னும் இடைச்சொல். 'ஏணி சரிந்ததாம்' என்று ஒருவர் சொன்னால், தாம் காணவில்லை, கேள்விப்பட்டதையே சொல்கிறோம் என்று அவர் நேர்மையாக உணர்த்திவிட்டார். ஆங்கில வாக்குமூலத்தில் அந்த ஓர் எழுத்தளவுச் சொல் உதிர்ந்துவிட்டால் கேள்விப்பட்டவர் கண்ணாரக் கண்ட சாட்சியாகிவிடுகிறார். பின்னர் குறுக்கு விசாரணையில், காணாததைக் கண்டதாகச் சொன்ன பொய்யர் என்னும் பழியும் அவர் மீதே விழும்.

இரண்டாவது, நாம், நாங்கள் என்னும் வேறுபாடு. மேற்பார்வையாளரை நோக்கி ஊழியர் ஒருவர், 'நாமதான் அந்தப் பலகையை எடுத்தோம்' என்றால் மேற்பார்வையாளரும் அச்செயலில் அடக்கம். 'நாங்கதான் எடுத்தோம்' என்றால் அடக்கமில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பொறுப்பு யாரைச் சாரும் என்னும் கேள்விக்குத் தமிழ் தெளிவாகத் தந்த விடை மொழிபெயர்ப்பில் கரைந்துவிடுகிறது.

மூன்றாவது, துணைவினைகள். 'கையை வெட்டிக்கொண்டான்' என்பதில் உள்ள 'கொள்' பெரும்பாலும் தற்செயலாக நேர்ந்த காயத்தையே குறிக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தன்னைத்தானே வேண்டுமென்று வெட்டிக்கொண்டவனாகிவிடுவான். 'விழுந்து தொலைத்தான்' என்று மேற்பார்வையாளர் சொன்னால் அதிலுள்ள எரிச்சலும் சான்றுதான். அதை வெறும் 'விழுந்தான்' என்று மாற்றுவது பண்பாடு போலத் தோன்றும். உண்மையில் அது சான்றை அழிப்பது.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வு பெற்ற புதிதில், ஒரு தனியார் விசாரணை அலுவலகம் நம்மை அணுகியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமான ஊழியர் ஒருவர் தளத்திலிருந்த திறப்பு வழியே கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். முதலாளியின் காப்புறுதித் தரப்புக்காக எடுக்கப்பட்ட வாக்குமூலத்தின் ஒலிப்பதிவை எழுத்தாக்கி ஆங்கிலத்தில் பெயர்க்கவேண்டும். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே இங்குச் சொல்கிறோம். ஒலிப்பதிவை அனுப்புமுன் தொலைபேசியில் பேசிய அலுவலர், 'காலைக் கூட்டத்துல கவனிக்காத ஆளு சார், நேரான கேஸ்தான்' என்றார். நாமும் சரியென்று கேட்டுக்கொண்டோம்.

ஒலிப்பதிவில் அந்த இளைஞர் சொன்ன வாக்கியம் இது: 'அங்க ஓட்டை இருந்தது எனக்குத் தெரியலைங்க.' நாம் அதை, 'அங்குத் திறப்பு இருந்ததை நான் அறிந்திருக்கவில்லை' என்னும் பொருளில் பெயர்த்தோம். அறிக்கை எழுதியவர் அதைப் பற்றிக்கொண்டார். திறப்பைப் பற்றிக் காலைக் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அறியவில்லை என்று ஊழியரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே அவர் கூட்டத்தில் கவனிக்கவில்லை என்பது அறிக்கையின் வாதம்.

இரண்டு மாதங்களுக்குப் பின், ஒரு பயிலரங்கிற்காகத் 'தெரி' என்னும் வினையைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். மாணவர்களுக்கு நாம் பல ஆண்டுகள் கற்பித்த செய்திதான் அது. 'தெரி' என்பதற்குக் கண்ணுக்குப் புலப்படுதல், அறிவுக்குப் புலப்படுதல் என இரு பொருள்கள் உண்டு. 'எனக்குத் தெரியாது' என்றால் அறியேன் என்பது ஐயமற விளங்கும். 'தெரியவில்லை' என்பதோ இரண்டுக்கும் பொதுவானது. எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அன்றிரவே ஒலிப்பதிவை மறுபடியும் கேட்டோம். அந்த வாக்கியத்திற்குச் சில நிமிடங்கள் கழித்து, வேறொரு கேள்விக்கு விடையாக, 'பலகை கெடந்துச்சு, தரை மாதிரிதான் இருந்துச்சு' என்று அவர் சொல்லியிருந்தார். அதையும் நாம் பிழையின்றிப் பெயர்த்திருந்தோம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவர் சொன்னது அறியவில்லை என்பதன்று. திறப்பின் மேல் பலகை கிடந்ததால் அது கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதே. அப்பலகையைப் பிணிப்பின்றி அங்கே போட்டவர் யார் என்னும் கேள்வி எவராலும் கேட்கப்படவே இல்லை.

முனைவர் பட்டம் பெற்ற மொழியியலாளர் முதலாண்டு மாணவர்க்குரிய வேறுபாட்டில் ஏன் தவறினோம்? வேறு தரப்பினர் இதே ஒலிப்பதிவைத் தந்து, 'பலகை பிணிக்கப்படவில்லை சார்' என்று சொல்லியிருந்தால் அவ்வாக்கியத்தில் நின்று யோசித்திருப்போம் என்பதே உண்மையான விடை. பணத்துக்காக நாம் எதையும் வளைக்கவில்லை. தொலைபேசியில் முதலில் கேட்ட ஒரு வாக்கியம் நமக்காக வளைத்துவிட்டது.

மறுநாள் அலுவலகத்திற்குக் கடிதம் எழுதினோம். இரு பொருள்களையும் குறித்து, ஏற்புடையது எது என்பதற்குக் காரணமும் காட்டித் திருத்திய மொழிபெயர்ப்பை இணைத்து, அதை இரு தரப்பு வழக்கறிஞர்க்கும் அனுப்புமாறு கேட்டுக்கொண்டோம். அவ்வாறே அனுப்பினர், அதற்காக அவர்களுக்கு நன்றியுடையோம். அதன்பின் அங்கிருந்து நமக்குப் பணி எதுவும் வரவில்லை. அது பெரிதன்று. நம் ஒரு சொல்லால் அந்த இளைஞர் இரண்டு மாதம் 'கவனிக்காத ஆள்' என்னும் பெயரோடு தங்கும் விடுதியில் படுத்திருந்தார் என்பதே இன்றும் உறுத்துகிறது.

துயரத்தின் பக்கம் நின்றாலும்

இதுவரை சொன்னவற்றிலிருந்து, முதலாளி தரப்பின் விசாரணைதான் சாயும், குடும்பத்தின் தரப்பு எப்போதும் நேராகவே இருக்கும் என்று முடிவு செய்யவேண்டா. 2012இல் சிங்கப்பூரில் அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் இறந்தார். பெற்றோர் அது கொலை என்று நம்பினர். அவர்களுக்காகக் கருத்துரைத்த அமெரிக்க மருத்துவர் உடலைப் பார்க்கவில்லை. படங்களையும் ஆவணங்களையும் மட்டுமே கண்டு, கழுத்து நெரிக்கப்பட்டது என்றார். 2013ஆம் ஆண்டு விசாரணையின்போது, கொல்லப்பட்ட முறையைப் பற்றிய அக்கருத்தை அவரே மாற்றிக்கொண்டார். இறுதியில் அம்மரணம் தற்கொலை என்று மரண விசாரணை அதிகாரி தீர்த்தார். பிள்ளையை இழந்தவர்கள் கேள்வி கேட்பது இயல்பு. அது அவர்கள் உரிமையும் ஆகும். அவர்களுக்குத் துணை நிற்பவர், உடலைக் காணாமல் எவ்வளவு சொல்லலாம் என்னும் எல்லையை முதலிலேயே சொல்லவேண்டும். துயருற்றவர் கேட்க விரும்பும் விடையை விற்பது இரக்கமாகாது.

நம் மக்களிடையே இன்னொரு வழக்கமும் உண்டு. காயமடைந்தவரின் கட்டிலருகே சென்று, 'தம்பி, ஒனக்கு உதவத்தான் வந்திருக்கேன், நடந்தத அண்ணன்கிட்ட சொல்லு' என்று விசாரணையாளர் தொடங்குவார். ஊரை விட்டு வந்து வலியில் கிடப்பவருக்கு அந்த 'அண்ணன்' என்னும் சொல் மருந்தைப் போல இறங்கும். அவரை அனுப்பியவர் யார் என்று கேட்க அதன்பின் நா எழாது. உறவுச்சொல் நம் பண்பாட்டின் செல்வம். அதைச் சாவியாக்கி ஒருவரின் வாயைத் திறப்பது களவு. அன்பாகப் பேசலாம். ஆனால் யார் அனுப்பினார்கள், சொல்வது யாருக்குப் போகும், சொல்லாமல் இருக்கவும் உரிமை உண்டா என்பவற்றைச் சொன்னபின் பேசவேண்டும்.

சில நெறிகள்

இத்துறையில் உழைப்போருக்கும் இனி உழைக்க வரும் மாணவர்க்கும் சில நெறிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, யார் அமர்த்தினார், ஊதியம் யார் தந்தார் என்பதை அறிக்கையின் முதற்பக்கத்திலேயே எழுதவேண்டும். முடிவைப் பொறுத்துக் கூடிக் குறையும் ஊதியத்தை ஏற்கலாகாது.

இரண்டாவது, வாக்குமூலத்தைச் சொன்னவரின் மொழியிலேயே பதிவு செய்யவேண்டும். பெயர்ப்பு அதன் பக்கத்தில் நிற்கட்டும். அதன் இடத்தில் நிற்கவேண்டா. இங்கிலாந்தில் 1950இல் தூக்கிலிடப்பட்ட டிமத்தி எவன்ஸ் என்பவருக்கு 1966இல், இறந்தபின், மன்னிப்பு வழங்கப்பட்டது. அவருடைய வாக்குமூலங்களை ஆராய்ந்த யான் ஸ்வார்ட்விக் என்னும் மொழியியலாளர், அவற்றின் பகுதிகளுக்கிடையே இலக்கண நடை வேறுபடுவதை 1968இல் காட்டினார். சட்டத்துறை மொழியியல் அந்நூலிலிருந்தே பெயர் பெற்றது. சொன்னவரின் சொல் அப்படியே காக்கப்பட்டிருந்தால் அத்தகைய ஆய்வுக்குத் தேவையே எழாது.

மூன்றாவது, வாக்குமூலத்தைச் சொன்னவருக்குத் தமிழில் படித்துக் காட்டவேண்டும். கடும் வலியிலோ மருந்தின் மயக்கத்திலோ இருப்பவரிடம் கையொப்பம் பெறலாகாது.

நான்காவது, கண்டது, கேட்டது, கருதியது என்னும் மூன்றையும் தனித்தனியே எழுதவேண்டும். தம் முடிவுக்கு எதிரான சான்றைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல் முடிவுக்கு அருகிலேயே வைக்கவேண்டும்.

ஐந்தாவது, மொழிபெயர்ப்பாளர் வழக்கின் கதையை முன்கூட்டிக் கேட்கலாகாது. இரு பொருள்படும் இடத்தில் இரண்டையும் எழுதவேண்டும். பிழை தெரிந்த அன்றே திருத்தவேண்டும்.

ஆறாவது, சான்று போதாத இடத்தில், போதவில்லை என்று எழுதும் துணிவு வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரு கேள்விக்குள் அடக்கலாம். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் காட்டி நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டும்: ஊதியம் மறு தரப்பிலிருந்து வந்திருந்தால் இதே சொல்லை எழுதியிருப்போமா? ஆம் என்று மனம் உடனே சொன்னால் கையொப்பம் இடலாம். தயங்கினால் அந்தச் சொல்லை மீண்டும் எடைபோட வேண்டும்.

அன்பர்களே, இறந்தவர் எழுந்து வந்து நம் அறிக்கையைத் திருத்தப் போவதில்லை. காயமுற்றவரோ, பெரும்பாலும், தம் பெயரில் எழுதப்பட்ட ஆங்கிலத்தைப் படித்தறிய இயலாதவர். இவ்விருவரின் சொல்லையும் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வைத்தவர் திரும்பக் கேட்க முடியாத அடைக்கலப் பொருளைக் காப்பதில்தான் ஒருவரின் நேர்மை விளங்கும். தமிழ் கற்ற நம் மாணவர்கள் பலர் நாளை மருத்துவமனையிலும் வழக்கறிஞர் அலுவலகத்திலும் மொழிபெயர்ப்பாளராக அமர்வார்கள். அன்று யாரேனும் ஒருவர், 'தெரியலைங்க' என்று சொன்னால், அவர்கள் எழுதுகோலைச் சற்றே நிறுத்தி, 'கண்ணுக்குத் தெரியவில்லையா, செய்தி தெரியாதா?' என்று திரும்பக் கேட்கட்டும். நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.